12 பேர், ஒரு டிசம்பர்: வெளிநாட்டு மாணவர் குழுவுக்கு எந்த அடுப்பு?

“அக்கா, கிறிஸ்துமஸுக்கு மிஷன் டீம் வருது. காலேஜ் பசங்க, பொண்ணுங்க, மொத்தம் 12 பேர். நவம்பர் கடைசியில வந்து பொங்கலுக்கு மறுநாள் கிளம்புறாங்க. சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு கமிட்டியில ரெண்டு வாட்டி உட்கார்ந்தாச்சு, ஒண்ணும் முடிவாகல.”

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு சபையின் வாலிபர் ஐக்கியச் செயலாளர் பேசினார். அதே வாரம் வியாசர்பாடியிலிருந்து ஒரு பாஸ்டரம்மாவும் கிட்டத்தட்ட இதையே கேட்டார். புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் சபைக்கு இதுவரை இப்படி மூன்று குழுக்கள் வந்துபோயிருக்கின்றன. அமெரிக்கப் பிள்ளைகள், அவர்களோடு இரண்டு மூன்று தென்கொரியப் பிள்ளைகள். மூன்று முறையும் சாப்பாட்டுப் பொறுப்பு பெண்கள் ஐக்கியத்தின் தலையில். அதாவது பெரும்பாலும் என் தலையில். செய்யக்கூடிய தப்பு எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டதால் எழுதலாம் என்று தோன்றியது.

வழி நான்குதான். வீடு வீடாக அழைப்பது. ஆலய வளாகத்தில் அண்டா ஏற்றிப் பொதுச் சமையல். பிரியாணி மாஸ்டரிடம் சொல்லிவிடுவது. வந்தவர்களையே சமைக்கவிடுவது. கேட்கிறவர்கள் எல்லாரும் “அவங்க காரம் சாப்பிடுவாங்களா?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். காரம் ஒரு கரண்டி மிளகாய்த்தூள் விஷயம். அதைவிடப் பெரிய கேள்விகள் இருக்கின்றன.

## எதை வைத்து அளப்பது

சாப்பாடு நடக்கும்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இதுதான் என் முதல் அளவுகோல். முதல் குழு வந்த வருடம் கிறிஸ்துமஸ் மதியம் எடுத்த ஒரு போட்டோ இன்னும் ஆலய அலுவலகச் சுவரில் தொங்குகிறது. பின்னால் ‘அன்பின் விருந்து’ என்று பேனர். இலை முன்னால் 12 பிள்ளைகள், பாஸ்டர், கமிட்டி ஆண்கள். எங்கள் ஐக்கியத்துப் பெண்கள் 20 பேரில் ஒருத்திகூடப் படத்தில் இல்லை. நாங்கள் பின்பக்கம் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளைகள் ஊருக்குப் போய் “இந்தியாவில் கிறிஸ்துமஸ் சாப்பிட்டோம்” என்று சொல்லியிருப்பார்கள். யாரோடு சாப்பிட்டார்கள் என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்?

இரண்டாவது, வயிறு. நம் ஊர் சாப்பாட்டில் வெளியூர்ப் பிள்ளைகளைப் படுக்கவைப்பது பெரும்பாலும் கறிக்குழம்பு இல்லை. அது கொதித்த பண்டம். குழாய்த் தண்ணீரில் அலசிய வெங்காயப் பச்சடி, ஐஸ் கட்டி போட்ட ஜூஸ், தெருவில் நறுக்கி வைத்த பழம், இவைதான் வேலையைக் காட்டும். அடுத்து ஒவ்வாமை. முந்திரி ஆகாத பெண் ஒருத்தி வந்தாள். நெய்ச்சோறு, பாயசம், கேக் மூன்றிலும் முந்திரி. இன்னொரு பையனுக்குக் கோதுமையே ஆகாது. “அரிசிச் சோறுதானே தம்பி, பயப்படாதே” என்று சாம்பார் ஊற்றிவிட்டேன். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பார்கள் என்பது அன்றைக்கு ராத்திரி டப்பாவைத் திருப்பிப் படித்தபோதுதான் தெரிந்தது. குழு வருவதற்கு முன்பே யாருக்கு எது ஆகாது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது செலவு. கமிட்டி நோட்டில் ஏறும் செலவு ஒன்று, ஏறாத செலவு இன்னொன்று. ஏறாததுதான் பெரியது. கேன் தண்ணீர், இரவல் நாற்காலி, ஆட்டோ, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சமைத்தவளின் கூலி.

கடைசியாகச் சட்டம். சமையல் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்காதீர்கள். சாப்பிட அழைப்பதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் ராத்திரி வீட்டில் தங்கவைத்தால், வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையத்தில் விவரம் ஏற்ற வேண்டும். ‘சி படிவம்’ என்று பழக்கத்தில் சொல்வார்களே, அதுதான். ஓட்டலுக்கு மட்டும்தான் இந்த விதி என்று பலர் நினைக்கிறார்கள். தனி வீட்டுக்கும் உண்டு. அதோடு, சுற்றுலா விசாவில் வந்தவர் ஆராதனையில் உட்காரலாம், நம்மோடு சாப்பிடலாம்; பிரசங்கம் செய்யவோ கைப்பிரதி (வேத வசனம் அச்சிட்ட துண்டுத்தாள்) கொடுக்கவோ கூடாது. மிஷனரி வேலைக்குத் தனி விசா இருக்கிறது. விருந்து முடிந்ததும் “தம்பி, ரெண்டு வார்த்தை பேசுங்க” என்று மைக்கை நீட்டும் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. அந்த மைக்கை இந்த ஒரு மாதம் பூட்டி வையுங்கள்.

## வழி 1: வீடு வீடாக

ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், மதியமோ இரவோ. கேட்கும்போதே இதுதான் நெருக்கமானது என்று தோன்றும். உண்மைதான். பொதுப் பந்தியில் பத்து நாள் சாப்பிட்டாலும் தெரியாதது ஒரு வீட்டுத் தரையில் ஒரு வேளை உட்கார்ந்தால் தெரிந்துவிடும். எங்கள் சபையில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இருக்கும் ஒரு அக்கா வீட்டுக்கு இரண்டு பெண்கள் போனார்கள். அக்காவின் வீட்டுக்காரர் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை. அன்றைக்கு அவர் கொண்டுவந்த சங்கரா மீனில் குழம்பு, கொஞ்சம் நெத்திலி வறுவல். அதில் கொரியப் பெண் முள்ளை எடுத்துச் சாப்பிட்ட லாகவத்தைப் பார்த்து அந்த அக்கா, “ஏய், இவ நம்ம குப்பத்துப் பொண்ணுடி” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாராம். இப்படி ஒரு சொல் கமிட்டி விருந்தில் பிறக்காது.

ஆனால் இதன் மறைவான செலவுதான் நான்கு வழிகளிலும் அதிகம்.

முதலில் போட்டி. திங்கட்கிழமை வீட்டில் கோழி என்றால் செவ்வாய்க்கிழமை வீட்டில் மட்டன். புதன்கிழமை வீட்டில் இறாலும் சேரும். வியாழக்கிழமைக்காரர் நகையை அடகு வைக்காத குறை. இரண்டாம் வாரத்தில் அந்தப் பிள்ளைகள் ரசம்சோறு கிடைக்காதா என்று ஏங்கிப்போனார்கள். பிறகு பட்டியல் அரசியல். “அவங்க வீடு சின்னது, பாவம், அவங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்று கரிசனத்தோடு சில பெயர்களை விட்டோம். விட்டவர்களில் ஒருவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் செய்ததுதான் சரி. ஏழைக்கு விருந்து வைக்கும் உரிமை இல்லை என்று தீர்மானிக்க நான் யார்?

இதற்கு வேதத்திலேயே ஒரு வழி இருக்கிறது. மூன்றாம் முறைதான் கண்ணில் பட்டது. லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பும்போது, ஒரு வீட்டில் தங்கி அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள், வீட்டுக்கு வீடு போகாதேயுங்கள் என்கிறார். நாங்கள் சுழற்சிப் பட்டியல் போட்டுச் சரியாக அதற்கு நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தோம்! பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு பேருக்கு ஒரு குடும்பம் என்று கடைசிவரை ஒரே வீட்டை வைத்தோம். முதல் நாள் மட்டும் கறி. பிறகு அந்த வீட்டில் என்ன சமையலோ அது. கீரை, கருவாடு, முந்தாநாள் வைத்த வத்தக்குழம்பு. போட்டி தானாக அடங்கியது. தன் வீட்டுக்கு வந்த பையன் மூன்றாம் தடவை சாப்பிட வந்தபோது தட்டைத் தானே கழுவி வைத்தான் என்று ஒரு அம்மா சொன்னார். விருந்தாளியாக இருந்தால் அவர் விட்டிருக்கவே மாட்டார்.

போகிறவர்களுக்கு நான்கு சொற்கள் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்: ‘போதும்’, ‘கொஞ்சம்’, ‘தண்ணி’, ‘நல்லா இருக்கு’. தட்டு காலியானால் நாம் இன்னொரு கரண்டி வைப்போம் என்பதும், அவர்கள் ஊரில் தட்டில் வைத்ததை முடிப்பதுதான் மரியாதை என்று சொல்லி வளர்த்திருப்பார்கள் என்பதும் ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆறு இட்லிக்குப் பிறகு ஒரு பையன் கண்ணில் தண்ணீர்.

இது யாருக்கு நல்லது: குழு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், சாதாரண நாட்களுக்கு. கிறிஸ்துமஸ் அன்றைக்கு வேண்டாம். அன்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் வருவார்கள். விருந்தாளிப் பிள்ளைகள் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, புரியாத பேச்சைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

## வழி 2: ஆலய வளாகத்தில் பொதுச் சமையல்

வடசென்னைச் சபைகளில் நிறையப் பேருக்கு வேர் தெற்கே இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ‘அசனம்’ என்றால் விளக்கம் வேண்டாம். ஊரே அரிசி கொடுத்து, ஊரே சமைத்து, ஊரே ஒரே பந்தியில் உட்காரும் சாப்பாடு. நம் ஆலய வளாகத்து டேக்‌ஷாவும் விறகடுப்பும் அதன் பட்டணத்துப் பிள்ளைகள்தான்.

இதில் சாப்பாட்டைவிட முந்தின நாள்தான் விசேஷம். 24-ஆம் தேதி சாயங்காலம் தார்ப்பாய் விரித்து வெங்காயம், பூண்டு உரிக்க உட்காருவோம். இரண்டாம் குழுவை அதில் உட்காரவைத்தோம். மொழி தேவைப்படாத வேலை. எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வழிய, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, இடையிடையே அவர்கள் ஊர்ப் பாட்டும் நம் கீர்த்தனையும் மாறி மாறிப் பாடி, நேரம் போனதே தெரியவில்லை. நடுராத்திரி ஆராதனைக்குப் போகும்போது பட்டுப்புடவையிலும் கோட்டிலும் வெங்காய வாசனை. மறுநாள் பந்தியைவிட இந்தச் சாயங்காலத்தைத்தான் கிளம்பும்போது அவர்கள் அதிகம் பேசினார்கள்.

செலவுக்கு வருவோம். அரிசி, கறி, மளிகை எல்லாம் நன்கொடையாக வந்துவிடும். “ஒரு மூட்டை அரிசி என் பேர்ல போடுங்க” என்று சொல்ல ஆள் இருக்கிறது. வராதவை: பாத்திர வாடகை, விறகு, பந்தல், கேன் தண்ணீர், எச்சில் இலை அள்ள ஆள். 200 பேருக்குச் சமைத்தால் 300 பேர் வருவார்கள். தெருவில் நின்று பார்க்கும் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பிட முடியாது. கணக்கிலேயே அவர்களைச் சேர்த்துவிடுங்கள், பிறகு சாம்பாரில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்காது. மழையும் கணக்கில் வரும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் வாசலில்தான் நிற்கும். 2023-இல் மாதத் தொடக்கத்திலேயே மிக்ஜாம் புயல். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. அந்த வருடம் எங்களுக்குக் குழு எதுவும் வரவில்லை. பண்டிகைக்கு என்று சேர்த்த அரிசியில் பாதி அப்போதே சாம்பார் சாதமாகப் போய்விட்டது.

குறை என்ன என்றால், நான் முதலில் சொன்ன போட்டோதான். பொதுச் சமையல் என்று பெயர்; பொதுவாகச் சாப்பிடுகிறோம், சமைப்பது என்னவோ பெண்கள். இதைச் சரிசெய்ய ஒரே வழி, பரிமாறுவதையும் கழுவுவதையும் ஆண்கள் பக்கம் தள்ளுவது. இரண்டாம் குழுவின் பையன்கள் பரிமாறும் வாளியைத் தூக்கியதும் நம் வாலிபப் பையன்களுக்கு ரோஷம் வந்து அவர்களும் தூக்கினார்கள். சாம்பார் வாளி கையில் ஏறிய அந்த வெள்ளைக்காரத் தம்பி வரிசை முடிவதற்குள் மூன்று வேட்டிகளை மஞ்சளாக்கினான். யாரும் கோபப்படவில்லை. இதுவும் பந்தியில்தான் முடியும்.

## வழி 3: மாஸ்டரிடம் சொல்லிவிடுவது

இந்த வழியை ரொம்ப நாள் கேவலமாக நினைத்தேன். காசைக் கொடுத்து வாங்கிப் போடுவது ஒரு விருந்தா என்று கமிட்டியிலேயே பேசியிருக்கிறேன். பிறகு ஒரு டிசம்பரில் என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார், இன்னும் இரண்டு பேருக்கு வீட்டில் பிரசவம். வேறு வழி இல்லாமல் தண்டையார்பேட்டையில் ஒரு பாயிடம் 15 கிலோ பிரியாணி சொன்னோம். கிலோ என்பது அரிசிக் கணக்கு. கிலோவுக்கு 10 பேர் என்று அவர் சொன்னது சரியாகவே இருந்தது. கூடவே தால்சா, கத்திரிக்காய்த் தொக்கு, பிரெட் அல்வா. ருசியில் எங்கள் சமையல் அதன் பக்கத்தில்கூட நிற்காது. அன்றைக்குத்தான் நான் முழுப் பந்தியும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பிறகு ஏன் இதையே எப்போதும் செய்யக்கூடாது? வந்தவர்களில் பாதிப் பேர் டப்பாவில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெங்காயம் உரிக்கத் தேவை இல்லாதபோது முந்தின நாள் யாரும் வரவில்லை. பந்தி முடிந்து கொஞ்ச நேரத்தில் வளாகத்தில் மிஞ்சியது அந்த 12 பேரும் வாட்ச்மேன் அண்ணனும்தான். இதுவே இதன் மறைவான செலவு. எந்த நோட்டிலும் ஏறாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ராத்திரி ஆராதனைக்குப் பிறகு பரிமாறலாம் என்று எட்டு மணிக்கே பிரியாணியை இறக்கி வைத்துவிடுவார்கள். ஆராதனை முடியும்போது நடுராத்திரி தாண்டி ஒரு மணி ஆகிவிடும். சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, சமைக்கும் சூட்டில் சாகாமல் கிடந்து, சோறு ஆறியதும் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே டேக்‌ஷாவைத் தம்மோடு, கை வைக்க முடியாத சூட்டோடு, 12 மணிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த ராத்திரிக்குக் கேக்கும் சூடான டீயும் போதும். மாஸ்டர்களை நவம்பரிலேயே பிடித்துவிட வேண்டும். 24, 25, 31 மூன்று நாளும் அவர்களுக்குக் கல்யாண முகூர்த்த நாள் மாதிரி.

இன்னொன்று. “இந்தியாவில் மாடு சாப்பிடமாட்டார்கள்” என்று படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குப் புளியந்தோப்புப் பக்கத்து பீஃப் பிரியாணி ஒரு அதிர்ச்சி. நல்ல அதிர்ச்சிதான். ஆனால் உங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் யார் என்று பார்த்துக்கொண்டு ஆர்டர் பண்ணுங்கள்.

## வழி 4: அவர்களே சமைக்கட்டும்

கமிட்டியில் இதைச் சொன்னால் முதல் பதில், “விருந்தாளியைப் போய்ச் சமைக்கச் சொல்றதா, நாலு பேர் என்ன நினைப்பாங்க?” நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் குழு வந்த வாரத்தில் அவர்களுடைய நன்றியறிதல் நாள் வந்தது. அமெரிக்காவில் அது நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை. வீட்டுக்கு எல்லாரும் போய்ச் சேரும் பண்டிகை, நமக்குப் பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகிற மாதிரி. கிறிஸ்துமஸுக்கு அழுவார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர்கள் அழுதது இந்த வியாழக்கிழமை. நமக்கோ அது சும்மா ஒரு வியாழக்கிழமை.

வான்கோழி வேண்டும் என்றார்கள். கிடைத்தாலும் அதை எந்த வீட்டு அடுப்பில் நுழைப்பது? அப்போதுதான் பேக்கரி ஞாபகம் வந்தது. பெரம்பூர் ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் முதல் எங்கள் பாட்டி வரை, கிறிஸ்துமஸ் கேக் மாவை வீட்டில் கலக்கி, தட்டோடு தெருமுனைப் பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கியவர்கள்தான். பேக்கரிக்காரரிடம் கேட்டோம். ரொட்டி இறக்கிய பிறகு, மதியம் ஒரு ஈடு, ஆறு முழுக்கோழி. உள்ளே எலுமிச்சை, பூண்டு, மேலே வெண்ணெய். கூடவே மசித்த உருளைக்கிழங்கு, பூசணிக்காய் இனிப்பு. ஆலயச் சமையலறையில் இரண்டே அடுப்பு, அதில் ஒன்று பாதிதான் எரியும். பிள்ளைகள் வியர்வையில் குளித்துவிட்டார்கள்.

அன்றைக்கு எங்களை நாற்காலியில் உட்காரவைத்து அவர்கள் பரிமாறினார்கள். உப்பும் மிளகும் தவிர ஒன்றும் இல்லை. எங்கள் மூத்த அக்கா ஒருவர் முந்தானைக்குள்ளிருந்து ஊறுகாய்ப் பாக்கெட்டை எடுத்தார்; பக்கத்தில் கைகள் நீண்டன. ஆனாலும் யாரும் மிச்சம் வைக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அந்த அக்கா சொன்னார்: “நாப்பது வருசமா இந்தக் கோயில்ல சமைக்கிறேன். உட்காருங்கம்மான்னு சொன்னது இதுங்கதான்.”

செலவு குறைவுதான், மளிகை எங்கே கிடைக்கும் என்று கூடவே அலைய ஒரு ஆள் வேண்டும். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் பட்ஜெட்டைக் கடிக்கும். அடுப்பு பற்றவைக்கத் தெரியாத பிள்ளைகளும் வருவார்கள், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். 12 பேருக்குச் சமைக்கப் பழகியவர்கள்கூடக் கிடையாது, 150 பேருக்கு எங்கே? ஆகவே பெரிய நாளுக்கு இது சரிவராது. 40 பேருக்கு மேல் வைக்காதீர்கள். அந்த 40 பேரில் வழக்கமாகச் சமைக்கிறவர்கள் எல்லாரும் இருக்கட்டும்.

## ஒரே பார்வையில்

| | வீடு வீடாக | பொதுச் சமையல் | மாஸ்டர் | அவர்களே |
|---|---|---|---|---|
| நம் பெண்கள் உட்கார முடியுமா | அநேகமாக இல்லை | ஆண்கள் பரிமாறினால் மட்டும் | முடியும் | முடியும் |
| வயிற்றுக்கு | வீட்டுக்கு வீடு மாறும் | ஒரே ஆள் கண்காணிக்கலாம் | ஆறவிட்டால் ஆபத்து | அவர்களுக்குப் பழகியது |
| நோட்டில் ஏறாத செலவு | கடன், போட்டி, மனவருத்தம் | உடல் உழைப்பு, குப்பை, மழை | காலி வளாகம் | கூட அலைய ஆள் |
| எத்தனை பேருக்கு | 2 | 200-க்கு மேல் | எவ்வளவும் | 40 |
| பேச்சு, பழக்கம் | மிக அதிகம் | முந்தின நாள் அதிகம் | குறைவு | அதிகம் |

## எந்த நாளுக்கு எது

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாதம் முழுக்க ஓட்டப் பார்ப்பதுதான் கமிட்டிகள் செய்யும் தப்பு. கொருக்குப்பேட்டைத் தம்பிக்கு நான் சொன்னது இது.

வந்த வாரத்து வியாழக்கிழமை, வழி 4. வந்ததும் வராததுமாகச் சமைக்கச் சொல்வதா என்று தயங்காதீர்கள்; அது அவர்கள் பண்டிகை. டிசம்பரின் சாதாரண நாட்கள், வழி 1, இரண்டு பேருக்கு ஒரே வீடு. 24 சாயங்காலமும் 25 மதியமும், வழி 2. 25 காலையில் பலகாரத் தட்டு கொடுக்கப் பிள்ளைகளை அனுப்புங்கள்: முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு, கல்கலா, ஒரு துண்டு கேக். பாய் வீடு, மாடி வீட்டு ஐயர், எதிர்க்கடை நாடார் அண்ணாச்சி, யாரையும் விடாமல். தட்டில் கைப்பிரதி வைக்க வேண்டாம். காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

26-ஆம் தேதி எதுவும் வைக்காதீர்கள். 2004-இல் அது ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் பலகாரம் வீட்டில் தீராமல் இருந்த காலையில்தான் கடல் உள்ளே வந்தது. இன்றும் அந்தத் தேதியில் காசிமேட்டில் கடலில் பால் ஊற்றி, பூப் போட்டு நிற்பார்கள். வருகிற பிள்ளைகளில் பலர் அப்போது பிறந்தே இருக்கமாட்டார்கள். கூட்டிக்கொண்டுபோய் ஓரமாக நிற்கவையுங்கள். அன்று கஞ்சியும் துவையலும் போதும்.

31 ராத்திரி வழி 3, அல்லது கேக்கும் டீயும். வருடம் முழுக்கச் சமைத்தவர்கள், புது வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை வாங்கும் நேரத்திலாவது ஆலயத்துக்குள் இருக்கட்டும். ஜனவரி 1 காலையில் கொரியப் பிள்ளைகள் இருந்தால் அடுப்பை அவர்களிடம் கொடுங்கள். அரிசிமாவு வில்லை போட்ட ஒரு சூப் வைப்பார்கள்; புது வருடத்தில் அதைக் குடித்தால்தான் ஒரு வயது கூடும் என்பது அவர்கள் ஊர்ப் பேச்சு. எங்களிடம் வந்த பெண் அதற்காகப் பெட்டியில் இரண்டு கிலோ வில்லை சுமந்து வந்திருந்தாள். எங்கள் மூத்த அக்கா மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, “எனக்கு வயசு போதும்” என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

பொங்கலுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வரும். சாப்பிடலாமா என்று பிள்ளைகள் நம் முகத்தைப் பார்ப்பார்கள். சபைக்குச் சபை பதில் மாறும். நான் 1 கொரிந்தியர் 10-ஆம் அதிகாரத்தில் 27, 28 இரண்டு வசனத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்லிவிட்டு விட்டுவிடுவேன். ஒன்று கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறது, மற்றது படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருக்காகச் சாப்பிடாதே என்கிறது. அவர்களே முடிவெடுக்கட்டும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பாத்திரத்தை இரண்டு கையால் வாங்க வேண்டும், திருப்பிக் கொடுக்கும்போது காலியாகக் கொடுக்கக்கூடாது. இந்த இரண்டில் மட்டும் என் வீட்டில் விவாதம் கிடையாது.

எல்லாம் எழுதிக்கொண்ட தம்பி கடைசியில் கேட்டார்: “அக்கா, 25-ந்தேதி டேக்‌ஷா கழுவுறது யாரு?”

அதற்கும் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறேன். கமிட்டித் தலைவர் பெயர் முதலில் இருக்கிறது.